பெட்டியில இருக்கிற எண்ணும் கையில இருக்கிற மவுஸும்

பொறியியல் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம் மாறிய அதே 1964இல்தான் உலகின் முதல் மவுஸ் பிறந்தது. கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசித்ததை பில் இங்லிஷ் செய்து முடித்தார். மரத்தில் உடம்பு, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரம், மேலே ஒரேயொரு பட்டன். அவ்வளவுதான்.

பிறகு சக்கரத்தின் இடத்துக்கு உருண்டை வந்தது. கண்டியில் நெட் கபே காலத்தைக் கண்டவங்களுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்ல. மவுஸ் இழுபட்டா அடி மூடியைத் திருப்பி, உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கிற அழுக்கை நகத்தால சுரண்டணும். திரும்ப ஓடும்.

1999இல் இரண்டு மவுஸ்கள் சந்தைக்கு வந்தன. ஒன்று, கேம் விளையாடுறவங்களுக்கென்றே வந்த ரேசர் பூம்ஸ்லாங். அதில் 2000 டிபிஐ. அதாவது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் 2000 புள்ளிகளாக எண்ணும். மற்றது மைக்ரோசொஃப்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர். அதில் வெறும் 400தான். ஆனா பூம்ஸ்லாங்கின் வயிற்றில் இருந்தது பழைய உருண்டை. இன்டெலிமவுஸில் இருந்ததோ மேசையை விநாடிக்கு 1500 தடவை படம் பிடிக்கும் சின்னக் கெமரா. அழுக்குப் பிடிக்க உள்ளே எதுவும் சுழலவில்லை. சில வருடங்களில் உருண்டையே காணாமல் போனது. பெரிய எண் தோற்றது, நல்ல கட்டமைப்பு வென்றது.

வடிவத்தின் கதையும் இதுதான். லொஜிடெக் 2005இல் விட்ட எம்எக்ஸ் 518இன் வடிவத்தையே, உள்ளே புது சென்சரை வைத்து 2019இல் திரும்பவும் விட்டது. சென்சர் பழசாகும், கைக்குப் பொருந்தின வளைவு பழசாகாது.

இன்றைக்குப் பெட்டியில் 20,000 டிபிஐக்கு மேலேயும் போடுறாங்க. கவுண்டர்-ஸ்ட்ரைக்கைத் தொழிலா ஆடுறவங்களில் பெரும்பாலானோர் 400இலோ 800இலோதான் ஆடுறாங்க. அந்த எண்ணுக்காக நாம ஏன் காசு குடுக்கணும்?

மவுஸ் சாகிறது வேற இடத்துல. முதலாவது சுவிச். உள்ளே தொட்டுக்கொள்ளும் உலோகத் தகடு தேய்ந்தாலோ கறுத்தாலோ ஒரு க்ளிக் இரண்டாக விழும். 2019இல் வந்த ரேசர் வைப்பர் தகட்டுக்குப் பதிலா ஒளியை வைத்ததும் இதுக்குத்தான். இரண்டாவது, மேலே பூசிய மெத்தென்ற இறப்பர். கண்டி மாதிரி ஈரக் காற்றுள்ள ஊரில் அது மெல்ல மெல்லப் பிசுபிசுத்துவிடும். வெறும் பிளாஸ்டிக் உடம்பு பார்க்கச் சாதாரணம், ஆனா நின்று பிடிக்கும். மூன்றாவது, கழுத்தில் மடங்கி உடையும் வயர்.

2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினதை நாம மறக்கல. வெளிநாட்டுச் சாமான் ஒன்று உடைந்தா இன்னொன்று வாங்கிக்கலாம் என்ற நிலை அன்றோடு போனது. அதனால கடையில் மவுஸைக் கையில் எடுத்து இரு பக்கமும் அழுத்திப் பாருங்க, கிறீச்சென்று சத்தம் வரக்கூடாது. மெதுவா ஆட்டிப் பாருங்க, உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. ஸ்குரு எங்கே இருக்கு என்று கேளுங்க. பல மவுஸ்களில் அது அடியில் ஒட்டிய வழுக்குத் தாளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். திறந்து, சுவிச்சை மாற்றி, ஈயம் வைத்துத் திரும்ப மூட முடிகிற மவுஸ்தான் நமக்கு நல்ல மவுஸ்.