குளக்கட்டும் அதன் காவலும்

வன்னி நாட்டில் மழை சில மாதங்களுக்கே உரியது. உழவனின் தேவையோ ஆண்டு முழுவதற்கும் உரியது. ஐப்பசி முதல் தை வரை பொழியும் வடகீழ்ப் பருவமழையைத் தேக்கி வைத்தாலன்றிச் சிறுபோகம் இல்லை, காலபோகத்துக்கும் உறுதியில்லை. பூநகரிப் பகுதியிலுள்ள ஜெயபுரம் போன்ற சிற்றூர் முதல் கிளிநொச்சி நகர் வரை, இந்நிலத்தின் குடிவாழ்வு குளத்தை நம்பியே வளர்ந்தது. ஆதலின் குளக்கட்டின் வரலாறு இங்கே குடிகளின் வரலாறுமாகும்.

குளக்கட்டுக்குக் கடமைகள் இரண்டு. நீரைத் தேக்குதல் ஒன்று. தனக்குத் தீங்கு நேராமல் நீரை வெளியே விடுதல் மற்றொன்று. முன்னதை எல்லாரும் அறிவர். பின்னதை மறந்த இடங்களிலேயே பேரிடர்கள் நிகழ்ந்திருக்கின்றன.

ஈழத்துப் பண்டைக் குளவேலையாளர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆழமான குளத்தில் துருசு வழியே பாயும் நீரின் அழுத்தம் மிகப் பெரிது. அந்நீரைக் கட்டின் வெளிப்புறத்தில் தடுத்தால், அழுத்தமெல்லாம் கட்டினுள்ளே செல்லும் வாய்க்காலிலேயே தங்கி, கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே வழிதேடும். எனவே கட்டின் உட்பக்கத்தில் சதுரமான கற்கிணறு ஒன்றை அமைத்து, நீரை அங்கேயே அடக்கினர். ‘பிசோகொட்டுவ’ எனப்படும் இவ்வமைப்பை ஆராய்ந்து, 1909ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கியவர் ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர்.

அதே பார்க்கர்தான் 1885இல் இரணைமடுக் குளத்துக்கான திட்டத்தை வகுத்தவர். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவுற்றது. அப்போது குளத்தின் கொள்ளளவு 40,000 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி எனப்படும். குடியேற்றங்கள் பெருகவே நீரின் தேவையும் பெருகிற்று. 1948 முதல் 1951 வரையும், 1954 முதல் 1956 வரையும், 1975 முதல் 1977 வரையும் குளம் திருத்தப்பட்டது. கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியாயிற்று. போருக்குப் பின்னர் நடந்த புனரமைப்பில் நீர்மட்டம் மேலும் இரண்டடி கூட்டப்பட்டு 36 அடியாக்கப்பட்டது.

கொள்ளளவு கூடுவது நன்மையே. ஆனால் நீர் ஓரடி உயர்ந்தால் கட்டின் பொறுப்பும் உயர்கின்றது. இதனை மறக்கலாகாது என்பதற்குக் கந்தளாய்க் குளமே சான்று. குளக்கோட்டன் கட்டியதெனத் தமிழ் மரபு போற்றும் அப்பழம்பெருங் குளம், 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி பின்னிரவு மூன்று மணியளவில் உடைப்பெடுத்தது. ஊர் உறங்கிய வேளை அது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 1,600 வீடுகளும் 2,000 ஏக்கர் வயலும் அழிந்தன. மிகப் பாரமான வாகனங்கள் கட்டின்மேல் ஓடியமை காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. பல நூற்றாண்டு நின்ற கட்டு என்னும் நம்பிக்கை அன்றிரவு எவரையும் காக்கவில்லை.

மண்கட்டுக்குப் பகை இரண்டு: உள்ளே கசியும் நீர் ஒன்று, மேலே வழியும் நீர் மற்றொன்று. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் புதிதாகக் கட்டிய டீட்டன் அணை, முதன்முறை நிரம்பி வருகையிலேயே 1976 யூன் 5ஆம் திகதி உடைந்தது. காலையிற் கலங்கல் நீராகத் தோன்றிய கசிவு நண்பகலுக்குள் அணையையே கொண்டுபோயிற்று. 1979 ஆகஸ்டு 11ஆம் திகதி குசராத்தில் மச்சூ ஆற்றின் இரண்டாம் அணையை அழித்ததோ மேலே வழிந்த நீர். வான் கதவுகளின் அளவுக்கு ஏறக்குறைய மும்மடங்கு வெள்ளம் வந்தது. மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். முன்னதிற் கட்டின் உட்புறமும், பின்னதில் வானின் அளவும் பிழைத்தன.

இரணைமடுவின் சோதனை 2018 டிசம்பரில் வந்தது. 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையால் குளத்தின் 14 வான் கதவுகளும் திறக்கப்பட்டன. கட்டு நின்றது, ஆயினும் கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின, குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா என்னும் கேள்வி எழுந்து, விசாரணையும் நடந்தது.

அக்கேள்வியின் உள்ளே நீர்ப்பாசனத்தின் பழைய இக்கட்டு ஒன்று அடங்கியிருக்கின்றது. மார்கழியிற் குளத்தை நிரப்பி வைத்தாற் சிறுபோகத்துக்கு நீருண்டு. ஆனால் மறுநாள் பெருமழை பெய்தால் அதற்கு இடமில்லை. முன்கூட்டியே திறந்துவிட்டால் வெள்ளத்துக்கு இடமுண்டு. மழை பொய்த்தாலோ வயல் காயும். பயனும் பாதுகாப்பும் கதவின் இரு பக்கங்களில் நிற்கின்றன. இவ்விக்கட்டை ஊகத்தால் தீர்க்க முடியாது. மேல்நிலத்தில் எவ்வளவு மழை பெய்கிறது, ஆற்றில் எவ்வளவு நீர் வருகிறது என்பவற்றை மணிக்கு மணி அறிந்தாலே கதவைச் சிறிது சிறிதாகத் திறக்கலாம். கீழே வாழ்வோரை வேளையோடு எச்சரிக்கலாம். இலங்கையில் உலக வங்கியின் உதவியோடு 2008இல் தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம், கட்டுகளைச் செப்பனிடுவதோடு அளவீட்டுக் கருவிகளையும் கருத்திற் கொண்டது இதனாலேயே.

கருவி எத்தனை வந்தாலும் கண்ணின் வேலை ஒழிவதில்லை. கட்டில் மரம் வளர்ந்து வேர் ஓடவிடாமை, புற்றையும் வளையையும் உடனே அடைத்தல், கட்டின் அடியில் ஈரம் காணின் ஆராய்தல், கசிவு தெளிந்து வருகிறதா, மண் கலங்கி வருகிறதா என்று பார்த்தல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத பணிகள். தெளிந்த கசிவு கவனிக்கத் தக்கது. கலங்கிய கசிவோ கட்டின் மண்ணே கரைந்து வருவதன் அடையாளம். அதனைக் கண்டவன் விடியும் வரை காத்திருத்தல் ஆகாது.

பெருங்குளத்துக்குக் கதவும் கருவியும் அதிகாரிகளும் உண்டு. சிற்றூர்க் குளத்துக்கோ பெரும்பாலும் அவ்வூராரே காவல். ஜெயபுரத்து உழவரும் இரணைமடுவின் கீழ் வாழும் உழவரும் மாரியில் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றனர். வானத்தைப் பார்க்கும் அக்கண் நாளுக்கு ஒருமுறை குளக்கட்டின் அடியையும் பார்க்குமாயின், தேக்கிய நீர் வயலுக்கே செல்லும், வீட்டுக்குள் வாராது.