பென்டிரைவை ‘சேண்ட்பாக்ஸ்’ உள்ளே திறக்கலாமா?



கல்லூரி சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் அல்லிநகரத்தில் நம் பிள்ளைகளின் பென்டிரைவுக்கு ஓய்வே இல்லை. மதிப்பெண் சான்றிதழ், ஆதார் நகல், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் என்று எல்லாம் அதில்தான் ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் போய் வருகின்றன. திரும்பி வந்ததும் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் மூலையில் சிறு அம்புக்குறி போட்ட ஐகான்கள் இருந்தால் அது ‘ஷார்ட்கட் வைரஸ்’. உண்மையான ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைந்துதான் இருக்கும். அந்த ஐகானைத் தட்டினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது.

இதற்கு வழியாக, கணினி தெரிந்த இளைஞர்கள் ‘சேண்ட்பாக்ஸி’ என்ற மென்பொருளைச் சொல்கிறார்கள். ஃபைல்களைத் திறக்கும் எக்ஸ்புளோரரையே அதன் பெட்டிக்குள் வைத்து ஓட்டிவிடு என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? பார்ப்பதற்குச் செய்யலாம், வேலை செய்வதற்குக் கூடாது என்பதே நம் முடிவு.

சேண்ட்பாக்ஸி 2004 முதல் இருந்து வருகிறது. 2020இல் அதன் மூல நிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. இப்போது ‘சேண்ட்பாக்ஸி பிளஸ்’ என்ற பெயரில் வளர்கிறது. புத்தகத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து எழுதுவதைப் போன்றது அதன் வேலை. கீழே உள்ள எழுத்து தெரியும், ஆனால் நாம் எழுதுவதும் அழிப்பதும் பேப்பரோடு நின்றுவிடும். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் எந்த டிரைவில் எதை எழுதினாலும், அது சி டிரைவில் உள்ள ‘சேண்ட்பாக்ஸ்’ என்ற தனி ஃபோல்டருக்குத் திருப்பப்படும். பெட்டிக்குள்ளிருந்து தட்டித் திறக்கும் எதுவும் பெட்டிக்குள்ளேயேதான் ஓடும்.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் பாதுகாப்பு எதற்கு என்று கேட்கலாம். 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ என்ற வைரஸ், பென்டிரைவைத் திறந்து ஐகான் திரையில் தெரிந்த மாத்திரத்திலேயே ஓடியது. எதையும் தட்டத் தேவையில்லை. ஈரானைக் குறிவைத்த அது இந்தோனேசியாவிலும் நம் இந்தியாவிலும் ஏராளமான கணினிகளில் புகுந்தது. அந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு ஆகஸ்டில் அப்டேட் வெளியிட்டது. ஆனால் அப்டேட் போடாத பழைய கணினிக்கு அதனால் என்ன பயன்? 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் நம் வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இத்தகைய கணினியில் சந்தேகமான பென்டிரைவைப் பெட்டிக்குள் திறப்பது நல்லதே.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. மகள் பெட்டிக்குள் ஓடும் எக்ஸ்புளோரரில் தன் சான்றிதழைப் பென்டிரைவுக்குக் காப்பி செய்கிறாள் என்று வையுங்கள். திரையில் ஃபைல் பென்டிரைவில் இருப்பதாகவே தெரியும். கடையில் போய்ச் சொருகினால் பென்டிரைவில் அது இருக்காது, ஏனென்றால் அது வீட்டுக் கணினியின் பெட்டிக்குள் கிடக்கிறது. அதற்குள் அண்ணன்காரன் பெட்டியைக் காலி செய்திருந்தால் அந்தக் காப்பியும் போய்விடும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இப்படி நடந்தால் ஓர் ஆண்டு உதவித்தொகையே கைநழுவிவிடும்.

அழிப்பதும் இப்படித்தான். வைரஸ் ஐகான்களைப் பெட்டிக்குள் அழித்தால் கண்ணுக்கு மறையும், பென்டிரைவில் அப்படியே இருக்கும். ஆக, பென்டிரைவைச் சுத்தம் செய்ய இது உதவாது. அதற்குப் பெட்டிக்கு வெளியே ஆன்டிவைரஸ் கொண்டுதான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. வழக்கமான அமைப்பில், பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் நம் ஃபைல்களை மாற்ற முடியாதே தவிர, படிக்க முடியும். இணையமும் திறந்திருந்தால் படித்ததை வெளியே அனுப்பவும் முடியும். வீட்டுக் கணினிக்கே இது ஆபத்து. நிக்காஹ் பதிவேட்டு ஸ்கேனும் சந்தாக் கணக்கும் இருக்கும் ஜமாஅத் அலுவலகக் கணினி என்றால், அது பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அங்கே அந்த ஃபோல்டர்களையும் இணையத்தையும் பெட்டிக்கு மூடிவிட்டே பென்டிரைவைத் திறக்க வேண்டும். அமைப்புகளில் அதற்கு இடம் இருக்கிறது.

அன்றாடப் புழக்கத்துக்கு நாம் சொல்வது வேறு வழி. எக்ஸ்புளோரரை வெளியிலேயே விட்டுவிட்டு, பென்டிரைவ் எழுத்தை மட்டும் ‘கட்டாய ஃபோல்டர்’ ஆக்கிவிடுங்கள். அந்த டிரைவிலிருந்து கிளம்பும் புரோகிராம் தானாகவே பெட்டிக்குள் போய்விடும். காப்பி செய்வது வழக்கம்போல் நடக்கும். அப்டேட் ஒழுங்காக நடக்கும் கணினிக்கு இதுவே போதும். எக்ஸ்புளோரர்தான் விண்டோஸின் டாஸ்க்பாரையும் நடத்துகிறது என்பதால், அதைப் பெட்டிக்குள் ஓட்டுவது சில நேரம் தடுமாறும். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் ‘7-ஜிப்’ உடன் வரும் சிறிய ஃபைல் மேனேஜரைப் பெட்டிக்குள் ஓட்டலாம்.

விண்டோஸ் 10, 11இன் ப்ரோ பதிப்பில் ‘விண்டோஸ் சேண்ட்பாக்ஸ்’ கூடவே வருகிறது, ஹோம் பதிப்பில் இல்லை. அது தனிக் கணினி போலவே இயங்கும், மூடியதும் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். பென்டிரைவ் அதற்குள் தானாகத் தெரியாது.

எந்த ஜன்னல் பெட்டிக்குள் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். சேண்ட்பாக்ஸியில் தலைப்பின் இரு முனையிலும் [#] என்ற குறி இருக்கும். அந்தக் குறி தெரிந்தால் அங்கே காப்பி, கட் எதுவும் வேண்டாம். தேவையான ஃபைலை ‘ரெக்கவர்’ கொடுத்து வெளியே எடுத்த பிறகே பெட்டியைக் காலி செய்யட்டும்.