மியாசாகியின் சித்திரப்படங்கள்: எதை முதலில் காண்பது?



ஜப்பான் நாட்டுச் சித்திரப்பட இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1979 முதல் 2023 வரை 12 முழுநீளப் படங்களை ஆக்கியிருக்கிறார். அவர் பெயரைக் கேள்வியுற்ற இளைஞர் பலர், "இவற்றுள் எதை முதலில் பார்ப்பது?" என்று வினவுகின்றனர். வினா சிறியதுதான். விடை கூறப் புகுந்தால், கடந்த நூற்றாண்டின் போர் வரலாற்றைத் தொடாமல் கூற முடிவதில்லை.

பெரும்பரிசு பெற்ற படத்திலிருந்து தொடங்குக என்பார் உளர். அவ்வாறாயின் 2001-ஆம் ஆண்டில் வெளிவந்து, ஆவிகளின் உலகில் அகப்பட்டுக்கொண்ட சிஹிரோ என்னும் சிறுமியின் கதையைக் கூறும் படத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது 2002-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடிப் பரிசையும், 2003-இல் ஆஸ்கார் பரிசையும் பெற்றது. ஆண்டு வரிசையில் காண்க என்பது பிறிதொரு சாராரின் கருத்து. வரலாற்றை ஆண்டு வரிசையிலேயே கற்பித்துப் பழகியவன் நான்; எனினும் இங்கே அவ்வரிசை பெரிதும் உதவாது என்பேன். 1979-ஆம் ஆண்டின் முதற்படம் வேறொருவர் படைத்த திருடன் பாத்திரத்தை வைத்து எடுத்த விறுவிறுப்பான கதை. பார்த்து மகிழலாம், ஆசிரியரின் உள்ளத்தை அதில் முழுதும் காண இயலாது.

நான் கூறும் விடை, 1988-இல் வெளிவந்த "என் அண்டைவீட்டு டோட்டோரோ" என்னும் படம். அதற்குரிய காரணத்தை அறிய, அவருடைய இளமைக் காலத்திற்குச் செல்ல வேண்டும்.

மியாசாகி 1941-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5-ஆம் நாள் டோக்கியோ நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தினர்; தந்தையார் அதன் நிர்வாகத்தில் இருந்தார். ஜப்பானியப் படையின் புகழ்பெற்ற "சீரோ" போர்விமானங்களுக்குரிய சுக்கான்கள் அங்கே உருவாயின. ஊரெல்லாம் பஞ்சத்தில் வாடியபோது இக்குடும்பம் ஓரளவு வளமாகவே வாழ்ந்தது. 1945 ஜூலையில், குடும்பத்தார் குடிபெயர்ந்திருந்த உட்சுனோமியா நகரின்மீது அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிந்தன. எரியும் நகரைவிட்டு அவர்கள் ஒரு லாரியில் ஏறித் தப்பினர். அக்காலத்தில் லாரி வைத்திருத்தல் எல்லோர்க்கும் வாய்த்த பேறன்று. வழியில் குழந்தையுடன் நின்ற ஒருவர், தம்மையும் ஏற்றிக்கொள்ளுமாறு வேண்டினார். லாரி நிற்கவில்லை. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் மியாசாகியே கூறியிருக்கிறார். "வண்டியை நிறுத்துங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லும் குழந்தை ஒன்று அன்று அங்கிருந்திருக்கலாகாதா என்னும் ஏக்கம் அவரை விட்டு அகலவில்லை. அப்போது அவருக்கு வயது நான்கு.

இந்த நான்கு வயதை நினைவில் வைத்துக்கொண்டு "டோட்டோரோ"வைப் பாருங்கள். போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகாத காலத்து ஜப்பானியச் சிற்றூருக்கு ஒரு தந்தை தம் இரு பெண்மக்களுடன் குடிவருகிறார். தாய் நோயுற்று மருத்துவமனையில் இருக்கிறாள். மியாசாகியின் அன்னையாரும் 1947 முதல் 1955 வரை முதுகெலும்பைப் பற்றிய காசநோயால் துன்புற்றவர். இளையவள் மேய் என்பாளுக்கு நான்கு வயது. வீட்டுக்குப் பின்னுள்ள பெரிய கற்பூர மரத்தின் அடியில், உரோமம் அடர்ந்த வனதேவதை ஒன்றை அவள் காண்கிறாள். அதற்கு டோட்டோரோ என்று பெயரிடுகிறாள். கொடியவன் என்று ஒருவனும் இக்கதையில் இல்லை, சண்டையும் இல்லை. மழையிரவில் பேருந்து நிறுத்தத்தில் தமக்கை தங்கையை முதுகில் சுமந்து தந்தையின் வரவுக்குக் காத்து நிற்கிறாள். அருகில் வந்து நிற்கும் டோட்டோரோவின் கையில் ஒரு குடையைத் தருகிறாள். குடைமேல் விழும் துளிகளின் ஓசை அதற்குப் புதுமையாக இருக்கிறது. அவ்வளவே காட்சி. ஆயினும் அம்மழையைப் பார்த்தவர் மறக்கமாட்டார். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரையில், மனிதர் கையால் வரைந்த தாள்களே இத்துணை உயிர்ப்பைத் தருகின்றன என்பது வியப்புக்குரியது.

பிறகு, தாயின் நோய் மிகுந்தது என்று கேட்ட மேய், தோட்டத்தில் பறித்த சோளக்கதிர் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்குத் தனியே புறப்பட்டு வழிதவறுகிறாள். ஊரார் அனைவரும் தேடுகின்றனர். குளத்தில் ஒரு சிறு செருப்பு மிதக்கிறது. அச்செருப்பு மேயினுடையதன்று. குழந்தை கிடைத்துவிடுகிறாள். முதுகில் ஏற்றிச் செல்லப் பூனை வடிவான பேருந்தே வந்து நிற்கிறது. இங்கே வண்டி நின்றது.

இப்படம் 1988 ஏப்ரல் 16-ஆம் நாள் திரைக்கு வந்தபோது, ஒரே நுழைவுச் சீட்டில் வேறொரு படமும் உடன் காட்டப்பட்டது. மியாசாகியின் தோழரும் மூத்தவருமான இசாவோ தகஹாதா இயக்கிய "மின்மினிகளின் கல்லறை" அது. தகஹாதா ஒன்பது வயதில் ஒகாயாமா நகரின் குண்டுவீச்சில் சிக்கி உயிர் தப்பியவர். கோபே நகரின் தீயில் தாயை இழந்த ஓர் அண்ணனும் தங்கையும் பசியால் மடிவதை அப்படம் கூறுகிறது. தங்கை செட்சுகோவுக்கும் வயது நான்குதான்! ஒருத்தியின் கையில் சோளக்கதிர்; மற்றொருத்தியின் கையில் மிட்டாய் தீர்ந்துபோன தகரப் பெட்டி. அவ்விரு படங்களையும் ஒரே நாளில் காண எண்ணுவோர் "மின்மினி"யை முன்னும் "டோட்டோரோ"வைப் பின்னும் வைத்துக்கொள்வது நலம். மிகச் சிறுவர்க்கு "மின்மினி" வேண்டா.

"டோட்டோரோ"வில் அவர் நேசிப்பது இன்னதென்று தெரிந்தபின், பிற படங்களில் அவர் எதற்காக வருந்துகிறார் என்பது எளிதில் விளங்கும். 1984-இல் வந்த "காற்றுப் பள்ளத்தாக்கின் நவுசிகா", பெரும்போர் ஒன்றால் உலகம் நஞ்சேறியபின் நிகழும் கதை. மினமாட்டா விரிகுடாவில் ஆலைக்கழிவின் பாதரசம் மீனிலும் மனிதரிலும் கலந்த கொடுமை 1956-இல் வெளிப்பட்டது. அதுவும் அக்கதைக்கு ஒரு வித்து. 1997-ஆம் ஆண்டின் "இளவரசி மொனோனொகே" இன்னும் ஆழமானது. இடைக்கால ஜப்பானில் இருப்பு மணலை உருக்கி இரும்பு எடுப்போர், உலைக்குக் கரி வேண்டிக் காட்டை அழிக்கின்றனர். அவர்களின் தலைவி எபோஷியை வெறுக்க முயன்று பாருங்கள், எளிதன்று. தொழுநோயாளருக்கும், விலைக்கு விற்கப்பட்ட பெண்களுக்கும் வாழ்வளித்தவள் அவளே. வரலாறு பயிலும் கல்லூரி மாணவர்கள் இதனைத் தவறவிடலாகாது. பரிசுகள் பெற்ற சிஹிரோவின் கதையை இவற்றுக்குப் பின் காண்க. அடுக்குமாடி வீடுகளுக்காகத் தூர்க்கப்பட்ட ஓர் ஆற்றின் தேவன் அதில் தன் பெயரையே மறந்து திரிகின்றான்.

பறக்கும் படகுகளையும் மிதக்கும் தீவுகளையும் கூறும் படங்களை எந்த வரிசையிலும் காணலாம். "காற்று எழுகிறது" என்னும் 2013-ஆம் ஆண்டின் படத்தை மட்டும் கடைசி நிலைக்கு ஒதுக்கி வையுங்கள். அது "சீரோ" விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியைப் பற்றியது. அவ்வகை விமானங்கள் 10,000-க்கு மேல் கட்டப்பட்டன. அழகிய விமானம் ஒன்றைச் செய்யவேண்டும் என்பதே அப்பொறியியலாளரின் கனவு. கனவு நனவாகியது, சென்றவை திரும்பவில்லை. போரை வெறுப்பவரான மியாசாகி, விமானங்களை வரைவதில் அளவற்ற இன்பம் காண்பவரும் ஆவார். இவ்விரண்டையும் அவர் சமரசம் செய்து காட்டவில்லை. அதனாலேயே இப்படத்தைச் சிலர் குறைகூறினர். அதனாலேயே நான் இதனை மதிக்கிறேன்.

இனித் தாம் முழுநீளப் படம் எடுப்பதில்லை என்று அவ்வாண்டிலேயே அறிவித்தார். ஆயினும் 2023-இல் மற்றுமொரு படத்தைத் தந்தார். 2024-இல் அதற்கும் ஆஸ்கார் கிடைத்தது. அதில் வரும் சிறுவன் டோக்கியோவை நீங்கிச் சிற்றூருக்குக் குடிபெயர்கிறான். அவன் தந்தை போர்விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை நடத்துபவர். விமானிகளின் தலைக்குமேல் பொருத்தும் கண்ணாடி மூடிகள், ஒரு காட்சியில் அவ்வீட்டிலேயே வரிசையாகக் கொண்டுவந்து வைக்கப்படுகின்றன. சிறுவன் அவற்றைப் பார்த்து, அழகாக இருக்கின்றன என்கிறான்.