மஞ்சள் ரிப்பன் வந்த வழி

சிறையிலிருந்து ஊர் திரும்பும் ஒருவன், ‘என்னைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் மரத்தில் துணி கட்டி வையுங்கள், இல்லையென்றால் இறங்காமல் அப்படியே போய்விடுகிறேன்’ என்று வீட்டுக்கு எழுதுகிறான். அமெரிக்காவில் வாய்வழியாகப் புழங்கிய கதை இது. 1959இல் நீதிபதி கர்ட்டிஸ் போக் எழுதிய நூலில் அது ஆப்பிள் மரத்து வெள்ளை ரிப்பன். 1971இல் பீட் ஹாமில் நியூயார்க் நாளிதழில் எழுதியபோது மஞ்சள் கைக்குட்டை. 1973இல் டோனி ஒர்லாண்டோ குழுவினர் பாடிய பாட்டில்தான் மஞ்சள் ரிப்பன் நிலைத்து, உலகம் சுற்றியது. 1979இல் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டபோது, பெனலபி லேங்கன் தம் கணவருக்காக வீட்டு மரத்தில் அதைக் கட்டினார். பிறகு அங்கே ரிப்பன் போர்வீரர்களுக்கு உரியதாகிவிட்டது.

அதைக் கைதிக்கே திருப்பிக் கொடுத்தது சிங்கப்பூர். மஞ்சள் ரிப்பன் திட்டத்தை 2004இல் அதிபர் எஸ்.ஆர். நாதன் தொடங்கிவைத்தார். சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு ஆண்டுக்கொரு முறை அந்தத் திட்டத்தின் ஓட்டத்தில் ஓடுவது எளிது. எனக்குப் பெரிதாகப் படுவது 2010இல் வந்த மஞ்சள் ரிப்பன் சமூகத் திட்டம்தான். அதில் ரிப்பனைக் கட்டுபவர் மாறிவிட்டார். சிறைக்குள் போனவரே, தம் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சம்மதம் தருகிறார். தம் வீட்டு வாசலில் அவரே ரிப்பன் கட்டுவதாக அதற்குப் பொருள். வட்டாரத் தொண்டூழியர்கள் போய்க் கதவைத் தட்டுகிறார்கள்.

புக்கிட் மேரா போன்ற பழைய பேட்டையில் அந்தத் தட்டலை நினைத்துப் பாருங்கள். நீண்ட நடைபாதை, வரிசையாக இரும்புக் கதவுகள், செருப்பு அலமாரி, துளசித் தொட்டி. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் மணக்கும், அழுதாலும் கேட்கும். மகன் எங்கே என்று கேட்டவர்களிடம் ‘ஜோகூரில் வேலை’ என்று தாய் சொல்லி வைத்திருப்பார். வந்தவர் குரலைத் தாழ்த்தத்தான் வேண்டும்.

கதவு திறந்த பிறகு வீட்டுக்குள் நடக்கவேண்டிய பேச்சுக்கு வேறோர் ஊரில் வழி உண்டு. ஹோஓபோனோபோனோ என்னும் ஹவாய் மக்களின் சமரச மரபை மேரி காவேனா புக்குயி தம் சகாக்களுடன் 1972இல் நூலாகப் பதிவு செய்தார். தவறு ஒரு கயிறு. செய்தவரையும் பட்டவரையும் சேர்த்தே கட்டும் என்கிறது அந்த மரபு. மூத்தவர் முன்னிலையில் குடும்பமே உட்காரும். வழிபட்டு, ஒவ்வொருவராகப் பேசி, பேச்சு சூடேறினால் மௌனம் காத்து, மன்னிப்புக் கேட்டு, மன்னித்து, கடைசியில் சேர்ந்து சாப்பிட்டு எழுவார்கள். நம் வீடுகளில் திரும்பி வந்தவனுக்கு முதலில் சோறு போடுகிறோம். பேச்சை மட்டும் எடுப்பதே இல்லை. தம்பியின் கல்யாணம் நின்றதும் அம்மா நகையை அடகு வைத்ததும் அப்படியே கிடக்கும்.

சிங்கப்பூரில் 1998இல் விடுதலையானவர்களில் 44 விழுக்காட்டினர் இரண்டே ஆண்டில் மீண்டும் சிறைக்குப் போனார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகக் குறைந்திருக்கிறது. ரிப்பன் மட்டுமே செய்த வேலை அல்ல இது. ஆனால் அந்த ஐந்தில் ஒருவரும் யாரோ ஒருவரின் அண்டைவீட்டார். உங்கள் புளோக்கில் ஒருவர் திரும்பி வந்திருந்தால், மின்தூக்கியில் பார்க்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கடை வைத்திருந்தால், அவர் வேலை கேட்டு வரும்போது உட்காரவைத்துப் பேசுங்கள்.