ஸ்பூன், ஃபோர்க், கத்தி... உங்க கிச்சனே ஜெர்மன் கிளாஸ்ரூம்தான்!

ஆப்பில் 100 நாள் விடாம ஜெர்மன் படிச்சாச்சு. ஆனா, ஒருத்தர் ஜெர்மனில் 'ஸ்பூன் எடுங்க'ன்னு சொன்னா கை நகர மாட்டேங்குதா? உங்க ஞாபகசக்தியைத் திட்டாதீங்க. அந்தச் சொல்லை இதுவரை திரையில் மட்டும்தான் பார்த்திருக்கீங்க.

இதற்கு மொழி வகுப்புகளில் ஒரு பழைய வழி உண்டு. நிஜப் பொருளையே கையில் கொடுத்து, பெயரைச் சொல்லித் தருவது. ஆசிரியர்கள் இதை 'ரியாலியா' என்பார்கள்.

யார் ஐடியா இது?

'பொருளைக் காட்டாமல் சொல்லைத் திணிக்காதீர்கள்' என்பது 17-ம் நூற்றாண்டுக் கல்வியாளர் கொமேனியஸின் கட்சி. 1658-ல் நியூரம்பெர்க்கில் வெளியான அவருடைய 'ஆர்பிஸ் பிக்டஸ்', குழந்தைகளுக்குப் படங்களோடு லத்தீன் சொல்லித்தந்தது.

1878-ல் அமெரிக்காவில் மொழிப்பள்ளி தொடங்கிய பெர்லிட்ஸ் பற்றியும் ஒரு கதை உண்டு. அவர் உடம்பு முடியாமல் படுத்துவிட, ஆங்கிலமே தெரியாத பிரெஞ்சுக்காரர் ஒருவர் வகுப்பெடுத்தார். பொருளைக் காட்டுவது, சைகை செய்வது... இவ்வளவுதான் பாடம். பெர்லிட்ஸ் திரும்பி வந்தபோது மாணவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்களாம்!

வீட்டில் எப்படிச் செய்வது?

* கலர் ஸ்டிக்கர்: ஜெர்மனில் ஸ்பூன் ஆண்பால் (டேர் லோஃபெல்), ஃபோர்க் பெண்பால் (டீ காபெல்), கத்தி இரண்டிலும் சேராது (டாஸ் மெஸர்). லாஜிக் தேடாதீங்க. நீலம், சிவப்பு, பச்சைன்னு ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டுங்க.

* சொன்னாதான் எடுக்கணும்: பெயர் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, நாலு நாளில் கண்ணுக்குப் பழகிடும். பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பொருளைத் தொடணும்னு ரூல் போடுங்க.

* வினைச்சொல்லும் வேணும்: 'எடு', 'கொடு', 'எங்கே?' இதையெல்லாம் சேர்த்து ஃப்ரெண்டோடு பழகுங்க.

* ஒண்ணு போதாது: சிவப்பு ஆப்பிளைக் காட்டினா, சொன்னது ஆப்பிளையா, சிவப்பையா? பக்கத்தில் ஒரு பச்சை ஆப்பிள் வைங்க. குழப்பம் தீரும்.

எங்கே எடுபடாது?

'நம்பிக்கை', 'ஒருவேளை' போன்றவற்றை மேஜையில் வைக்க முடியாது. அங்கே தமிழில் ஒரு வரி விளக்கம் தப்பே இல்லை.

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகத் தயாராகிறவர்கள் இதை யோசிச்சுப் பாருங்க. நோயாளி தண்ணி கேட்கும்போது, மனசுக்குள்ள தமிழில் மொழிபெயர்க்க நேரம் இருக்காது. சொல் காதில் விழுந்ததுமே கை போகணும். அந்தப் பழக்கத்தை இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டிலேயே ஆரம்பிச்சுடுங்க!