வில்லன் வேடத்தில் ஒரு வாழ்நாள்

தில்லியிலும் மும்பையிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு எம். என். நம்பியாரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவரும் வேற்றுமொழிச் சூழலிலேயே தமது வாழ்வை அமைத்துக்கொண்டவர் என்பதைச் சிலர் மறந்திருக்கக்கூடும். 1919ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் மலபாரில், கண்ணூருக்கு அருகே பிறந்தவர் அவர், தாய்மொழி மலையாளம். இளமையிலேயே தந்தையை இழந்து, உதகமண்டலத்தில் தமக்கையின் இல்லத்தில் வளர்ந்தார். பதின்மூன்றாம் வயதளவில் நவாப் இராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். தமிழ் வசனத்தைப் பிசகின்றி, அழுத்தம் அறிந்து பேசும் ஆற்றலை அவருக்கு அளித்தது அந்தப் பாலர் நாடக மேடைதான். பள்ளிக்கூடம் தரமுடியாத தமிழ்ப் பயிற்சி அது என்று சொன்னாலும் பொருந்தும்.

1935இல் ‘பக்த ராமதாஸ்’ படத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். தொடக்கமுதலே அவர் வில்லனாக நடித்தவர் அல்லர். எம்.ஜி.ஆர். கதாநாயகனான ‘ராஜகுமாரி’ (1947) படத்தில் அவருக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடமே. 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் இரு படங்கள் அவருடைய இரு முகங்களைக் காட்டின. ‘திகம்பர சாமியார்’ படத்தில் பற்பல மாறுவேடங்கள் புனைந்து குற்றத்தைக் கண்டுபிடிக்கும் நாயகன். ‘மந்திரி குமாரி’யிலோ அரசனையே ஆட்டிவைக்கும் சூழ்ச்சிக்கார ராஜகுரு. இரண்டிலும் திறமைக்குக் குறைவில்லை. எனினும் ரசிகர்கள் மனத்தில் நிலைத்தவர் ராஜகுருவே.

உள்ளங்கைகளைப் பிசைந்துகொண்டு, ஒரு கண்ணைச் சற்றே இடுக்கி, சொற்களைக் கடித்து உதிர்ப்பது அவருடைய பாணி. பிற்காலப் பலகுரல் கலைஞர்கள் அதை எத்தனையோ மேடைகளில் செய்துகாட்டினர். அவர்கள் பிடித்தது கையை மட்டுமே என்பது என் கருத்து. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை (1965) எண்ணிப் பாருங்கள். கஜேந்திரனாக வரும் நம்பியார், கோழையான மைத்துனனைச் சவுக்கால் விளாசுகிறார். அவ்வடி நம் நெஞ்சில் உறைக்கும்படி விழுந்தால்தான், பின்னர் இரட்டையனான மற்றவன் அதே சவுக்கை ஏந்தும்போது கொட்டகை ஆரவாரிக்கும். கைதட்டலெல்லாம் கதாநாயகனுக்கு, அதற்கான கடனை முன்கூட்டியே ஏற்றிவைத்தவர் நம்பியார்.

ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) வேறொரு வகை. தன் குலப்பெருமைக்காகக் காதலரைப் பிரித்த ஜமீன்தார், நூறு வயதைத் தாண்டிய பின்னும் அடுத்த பிறவியில் அவர்களைத் தேடி வருகிறார். இங்கே கையைப் பிசைவதற்கு இடமில்லை. தளர்ந்த உடலும் தளராத வன்மமுமாக அவர் நடக்கும் நடையே அச்சமூட்டுகிறது. அவருடைய நடிப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வாள் சண்டைப் படங்களை விட்டு இதையே நான் எடுப்பேன்.

திரைக்கு வெளியே அவர் புலால் உண்ணார், மது தொடார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சபரிமலை சென்றுவந்த அவரை ஐயப்ப பக்தர்கள் ‘மகா குருசாமி’ என்று அழைத்தனர். கே. பாக்யராஜின் ‘தூறல் நின்னு போச்சு’ (1982) படத்தில் அவருக்கு நல்லவர் வேடம் வாய்த்தது. நாயகனுக்குத் துணைநிற்கும் குஸ்தி வாத்தியாராக அவர் தோன்றியபோது, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாய் அவரைத் திட்டிப் பழகியிருந்த மக்கள் வாய்விட்டுச் சிரித்து வரவேற்றனர்.

2008ஆம் ஆண்டு, கார்த்திகை பிறந்து சபரிமலை யாத்திரைக் காலம் தொடங்கிய சில நாட்களில், நவம்பர் 19ஆம் நாள் அவர் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 89.