பொறுமை யாருடைய கடமை?

விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று பலரும் சொல்வதுண்டு. அமெரிக்க பேஸ்பால் வரலாற்றைப் படித்தால், அது எப்போது கலக்காமல் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

1880களுக்குப் பிறகு பெரிய லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை. சட்டம் ஏதும் கிடையாது, முதலாளிகளுக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம்தான். 1947 ஏப்ரல் 15 அன்று ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி ஜாக்கி ராபின்சன் அதை உடைத்தார். அவரைச் சேர்த்த பிராஞ்ச் ரிக்கியின் நிபந்தனை ஒன்றுதான்: யார் என்ன திட்டினாலும் திருப்பிப் பேசக்கூடாது.

ஒரே வாரத்தில் சோதனை வந்தது. பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மனும் அவரது வீரர்களும் ராபின்சனின் நிறத்தைச் சொல்லிக் கேவலமாகக் கத்தினார்கள். கேட்டதற்கு, இத்தாலியரையும் யூதரையும்கூட இப்படித்தான் சீண்டுவோம், ஆட்டத்தில் இது சகஜம் என்றார் சாப்மன். ராபின்சன் வாய் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் எதிர்த்துக் கத்தியவர் சக வீரர் எடி ஸ்டாங்கி. அருகில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள் சிலர் பேஸ்பால் ஆணையருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சகஜம் என்று சொல்லப்பட்டதை இல்லை என்று மறுத்தவர்கள் பார்வையாளர்கள்.

1949-ல் ரிக்கியின் கட்டுப்பாடு நீங்கியது. ராபின்சன் நடுவர்களிடம் மற்றவர்களைப் போலவே வாதாடத் தொடங்கினார். உடனே கோபக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

பிலடெல்பியா நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது 2016-ல். ராபின்சன் இறந்தது 1972-ல். நாகரிகத்தை நாம் எப்போதும் அடிபடுபவரிடம் மட்டும்தான் கேட்கிறோமோ? நீங்களே சொல்லுங்கள்.